வியாழக்கிழமை இறங்கிய நாற்காலிகள்

உங்கள் போனில் இணைய முகவரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் தெரிகிறதே, அந்தப் பூட்டின் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று உங்களால் அடித்துச் சொல்ல முடியுமா? முடியும் என்கிறவர்கள், வேலம்மாவின் கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

வேலம்மா தியாகராய நகரில் தேன்மதி பட்டு மாளிகையில் புடவை விற்றவள். பருத்திப் பிரிவு. சைதாப்பேட்டையில் ஆற்றங்கரைக் குடிசையில் பிறந்து, அங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டு, அங்கேயே புருஷனைப் பறிகொடுத்தவள். ஆற்றைச் சீர்செய்கிறோம் என்று சொல்லி அவள் தெருவையே பெயர்த்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் கொண்டுபோய் அடுக்கினார்கள். அதற்குப் பிறகு காலையில் இரண்டு பஸ், சாயங்காலம் இரண்டு பஸ் என்று ஆயிற்று. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அதுதான் அவளுக்கு அன்றைய நாளின் ஒரே இருக்கை.

ஏனென்றால் துணிக்கடையில் விற்கிற பெண் உட்காரக் கூடாது. வாங்க வந்தவர் மெத்தையில் சாய்ந்து சர்பத் குடிக்கலாம். எதிரே புடவை விரிக்கிறவள் நிற்க வேண்டும். வாங்க யாருமே வராத மத்தியானத்திலும் நிற்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் பெண் சும்மா இருக்கிறாள் என்று முதலாளியின் கண்ணுக்குத் தோன்றுமாம். பத்துப் பதினைந்து வருஷம் இப்படி நின்றதில் வேலம்மாவின் கெண்டைக்கால் நரம்புகள் கயிறு மாதிரிப் புடைத்துக்கொண்டன. ஒரு நாள் அதில் ஒன்று வெடித்தது. விரித்து வைத்திருந்த வெளிர்மஞ்சள் புடவையில் ரத்தம் பட்டது. முதலில் புடவையைத் துடைத்தார்கள். அப்புறம் அவள் காலைத் துடைத்தார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. தேன்மதியிலும் நாற்காலி வாங்கினார்கள், நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிகள். சோதனைக்கு ஆள் வருகிறார் என்று தெரிந்தால் அவை மாடிப்படி வழியாக இறங்கி வரும். ஆள் போனதும் ஏறிப் போய்விடும். மற்ற நாளெல்லாம் மூன்றாம் மாடிச் சரக்கறையில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். அந்தக் கடையில் உட்காரும் உரிமை நாற்காலிகளுக்கு மட்டும்தான் இருந்தது.

முதலாளி அய்யாதுரை தெற்கத்திக்காரர். தீபாவளிக்கு எல்லாப் பெண்களுக்கும் புடவை எடுத்துக் கொடுப்பவர், யார் வீட்டுச் சாவுக்கும் மாலையோடு போய் நிற்பவர். கொரோனாவுக்குப் பிறகு கடையின் பாதி வியாபாரம் போனுக்கு வந்துவிட்டது. பெண்கள் புடவையை விரித்துப் படம் எடுத்து வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். போன் அவரவருடையது, வைஃபை கடையுடையது. ஆகவே போன ஆயுத பூஜைக்குக் கத்தரிக்கோல், மீட்டர் குச்சி, பில் மிஷின் வரிசையில் பெண்களின் போன்களையும் வைத்துக் கும்பிட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

"எதுல சோறு திங்கோமோ அதுக்குச் சந்தனம் வைக்காண்டாமா? ராத்திரி பூராவும் அம்பாள் காலடியில இருக்கட்டும். விசயதசமிக்கு எடுத்துக்கிடுங்க," என்றார். "பூட்டுன பொருளப் பூசையில வைக்கக் கூடாது, கேட்டியளா. லாக் நம்பர ஒரு ஸ்டிக்கர்ல எழுதி முதுகுல ஒட்டிருங்க. வீட்டுலேருந்து அவசரமா போன் வந்தாலும் சாய்நாத் தம்பி எடுத்துப் பேசிரும்."

சாய்நாத் கடையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன்.

வருகிற அழைப்பை எடுத்துப் பேசப் பூட்டு எண் எதற்கு? ஒருத்தியும் கேட்கவில்லை. சாமி பெயரைச் சொல்லிவிட்டால் கேள்வி நாக்கிலேயே மடங்கிவிடும். இந்த நாட்டில் எத்தனையோ பேருடைய நிலமும் உழைப்பும் அப்படித்தான் போயிற்று. போன் மட்டும் தப்பிக்குமா? புடவைக்கு விலை ஒட்டும் சீட்டுகளிலேயே எண்ணை எழுதி ஒட்டினார்கள்.

"சரஸ்வதிக்கு டேட்டா தீந்துபோச்சு போலக்கா," என்று வேலம்மாவின் காதில் கிசுகிசுத்தாள் மணிமொழி. "நம்ம போன்ல குந்திக்கினு ரீல்ஸ் பாக்கப் போவுது."

"வாய மூடுடி. மொதலாளி இங்கதான் பாத்துக்கினு கீறாரு."

மணிமொழி தேனாம்பேட்டைக்காரி. வேலம்மாவைவிடச் சின்னவள், பக்கத்து மேசை. வேலம்மாவின் கால் வலிக்கும்போது அவள் முன்னால் வந்து நின்று புடவைக் குவியலை உயரமாக அடுக்குவாள். அந்த மறைவில் வேலம்மா கொஞ்ச நேரம் குந்திக்கொள்வாள். கண்காணிப்பாளர் சந்திரிகா வந்தால் மணிமொழி இருமுவாள். அந்த இருமலைக் கேட்டே அவளுக்கு டி.பி. என்று கடையில் ஒரு பேச்சு இருந்தது.

விஜயதசமியன்று போன்கள் சந்தன வாசத்தோடு திரும்பி வந்தன. சார்ஜ் போடும் துளையில் குங்குமம் அடைத்திருந்தது. திரையின் மேலே, நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம் என்று ஒரு வரி வந்து நின்றது. இப்படி எத்தனையோ வரிகள் வருகின்றன. வேலம்மா விரலால் ஒதுக்கித் தள்ளினாள். மற்றவர்களும் தள்ளியிருப்பார்கள்.

கார்த்திகை மாதம் ஒரு மத்தியானம், கடையின் கீழ்த்தளத்துச் சாப்பாட்டு அறையில் தரையில் உட்கார்ந்து வேலம்மா தொழிலாளர் துறைக்கு ஒரு புகார் எழுதினாள். கீழ்த்தளத்தில் டவர் எடுக்காது, கடை வைஃபை மட்டும்தான். வாட்ஸ்அப்பில் எழுத அவளுக்குப் பயம், அங்கே எல்லாக் குழுவிலும் சந்திரிகா இருந்தாள். மெயிலுக்கென்று தனியாக ஒரு செயலியை இறக்கப் போனில் இடமில்லை. ஆகவே பிரவுசரிலேயே மெயிலைத் திறந்தாள். பூட்டுப் படம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். பூட்டு இருந்தால் பத்திரம் என்று எங்கேயோ படித்திருந்தாள். அவளைத் தப்பு சொல்ல முடியாது, நமக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

'என் காலைவிடப் புடவையை முதலில் துடைத்தார்கள்' என்று ஒரு வரி எழுதி மணிமொழியிடம் காட்டினாள்.

"ஸோக்கா கீதுக்கா," என்றாள் மணிமொழி. "நாளைக்கு மேல போயி அந்த சேருங்கள போட்டோ புடிச்சுக்கினு வரேன். சேத்து அனுப்பிடு."

மறுநாள் காலை, படம் எடுக்கும் முன்னாலேயே, அய்யாதுரை வேலம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"என்ன வேலம்மா, காலவிடப் பொடவைய மொதல்ல தொடச்சோம்னு எழுதியிருக்கியளாமே. கவர்மெண்டுக்கு."

"யாரு சொன்னாங்க?"

"கூட உக்காந்து சோறு திங்கவக சொல்லாம வேற யாரு சொல்லப் போறா?" குரலில் கோபமே இல்லை. "ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். அழிச்சிருங்க. நானும் மறந்திருதேன்."

அழித்தாள். படியிறங்கும்போதே மனசு கணக்குப் போட்டுவிட்டது. அந்த வரியைப் பார்த்தவள் ஒருத்திதான்.

"இன்னாடி வாங்கிக்கின அவர்கிட்ட?" என்று மணிமொழியின் மேசைக்கே போய்க் கேட்டாள்.

"இன்னாக்கா சொல்ற? நானு இன்னாத்த வாங்குனேன்?"

"நா எழுதுனத அப்புடியே படிக்கிறாரு. ஒரு எழுத்து மாறல."

"யக்கா. எம் மூஞ்சப் பாத்து சொல்லு."

வேலம்மா பார்க்கவில்லை.

அன்றிலிருந்து சாப்பாட்டு அறையில் மணிமொழி சுவர் ஓரமாகத் தனியாகச் சாப்பிட்டாள். அவள் வந்தால் பேச்சு நின்றது. "மொதலாளியோட காது வருது, கதவ சாத்து" என்று ஒருத்தி சொல்வாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். வேலம்மா சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. பொங்கல் முடிந்ததும் மணிமொழி வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். புடவைக் குவியலுக்குப் பின்னால் குந்துவதும் அதோடு நின்றது.

இதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். திருடன் தன் வழியைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க ஒரு பெண்ணின் பெயரைத் தின்றான். அய்யாதுரை மணிமொழியின் பெயரைச் சொல்லக்கூட இல்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று அவருக்குத் தெரியும். ஏழைகள் இயந்திரத்தைச் சந்தேகிக்க மாட்டார்கள், பக்கத்தில் இருப்பவளைத்தான் சந்தேகிப்பார்கள். நம்மை அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள்.

ஆனி மாதம் சந்திரிகா போகிறபோக்கில் ஒன்று சொன்னாள். "வேலம்மா, கால் ஆபரேஷன்னு லீவு கேட்டுடாதீங்க. ஆடித் தள்ளுபடி வருது."

வேலம்மா கையிலிருந்த புடவையை மடிக்காமல் நின்றாள். நரம்பு அறுவைச் சிகிச்சை பற்றி அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை, கூடப் பிறந்த தங்கையிடம்கூட. கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பிரவுசரில் ஓர் ஆஸ்பத்திரிப் பக்கத்தைப் படித்தாள், பெயரைப் பதிந்தாள், அவ்வளவுதான். இந்தத் தடவை பழிபோடப் பக்கத்தில் மணிமொழி இல்லை.

சாயம் போகுமா என்று கேட்கும் வாடிக்கையாளர்களுக்கு வேலம்மா ஒரு வேலை செய்வாள். புடவையின் ஒரு மூலையில் ஈர வெள்ளைத் துணியை அழுத்துவாள். இன்னொரு மூலையில் காய்ந்த வெள்ளைத் துணியை அழுத்துவாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவாள். அந்த யோசனைதான் இப்போதும் வந்தது.

பஸ்ஸில் வரும்போது, வைஃபையை அணைத்துவிட்டுத் தன் சொந்த டேட்டாவில், தனக்குத்தானே ஒரு மெயில் எழுதினாள். 'திங்கட்கிழமை கடைக்கு ஆபீசர் செக்கிங் வருகிறார்.' திங்கட்கிழமை வந்தது. சரக்கறை திறக்கவில்லை. எல்லோரும் நின்றார்கள்.

அடுத்த வாரம் கீழ்த்தளத்தில், கடை வைஃபையில், அதே மெயிலை எழுதினாள். கிழமையை மட்டும் வியாழன் என்று மாற்றினாள்.

வியாழக்கிழமை கடை திறக்கும்போதே நீல நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

"உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க," என்றாள் சந்திரிகா. "யாராச்சும் கேட்டா தெனமும் உக்காருறோம்னு சொல்லணும்."

"இன்னாக்கா விசேஷம்? சேருக்குக் கல்யாணமா?" என்று ஒருத்தி கேட்க, வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. ஒருத்தி காலை நீட்டிப் பார்த்தாள். இன்னொருத்தி, கண்ணை மூடினால் தூங்கிவிடுவேன் என்றாள். அன்றைக்கு எந்த அதிகாரியும் வரவில்லை. வருவதாக இருந்தால்தானே வர?

வேலம்மாவும் உட்கார்ந்தாள். பக்கத்து மேசையில் இப்போது வேறொரு பெண் இருந்தாள். வேலம்மா அந்தப் பக்கம் திரும்பாமலே புடவை விரித்தாள்.

அந்த வார விடுமுறையில் சைதாப்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போனாள். குலாம் ரசூல் அங்கே போன் பழுது பார்ப்பவர், பழைய தெருவில் அவளுக்குப் பக்கத்து வீடு.

"இன்னா வேலம்மாக்கா, ஏரியா பக்கமே காணோம்?"

"எம் போனுக்குள்ள யாரோ கீறாங்க ரசூலு. பாத்து சொல்லு."

ரசூல் போனின் அமைப்புகளுக்குள் இறங்கி, பாதுகாப்புச் சான்றிதழ்கள் என்ற இடத்தைத் திறந்தார். அங்கே நம்பகமானவை என்று ஒரு பட்டியல். அதில் 'பயனர் சேர்த்தது' என்ற பகுதியில் ஒரே ஒரு பெயர் இருந்தது. தேன்மதி.

"இத்த நீ போட்டியா?"

"எனுக்கு இது இன்னான்னே தெர்லப்பா."

"பட்டுப் பொடவைல அசல் பட்டுன்னு ஒரு முத்திர தொங்கும்ல? அத்த யாரு குடுக்கணும்?"

"கடைக்காரன் குடுக்கக் கூடாது. வெளில ஒருத்தங்க செக் பண்ணிக் குடுக்கணும்."

"அதேதான். நீ மெயில் தொறந்தா, எதிர்ல கீறவன் அசல்தானான்னு போனு ஒரு முத்திரையப் பாக்கும். முத்திர சரியா இருந்தாதான் பூட்டு காட்டும். இவுங்க இன்னா பண்ணிக்கீறாங்க, முத்திர குத்துற மிஷினையே கடைல வெச்சுக்கினு, 'தேன்மதி குத்துனா அதுவும் அசல்தான்'னு உன் போனுக்குச் சொல்லிக் குடுத்துக்கீறாங்க. இப்ப நீ மெயிலாண்ட பேசல. நடுவுல கடை வைஃபைல ஒரு பொட்டி கீது, அதாண்ட பேசுற. உங்கிட்ட அது நான்தான் மெயிலுன்னும். மெயிலுகிட்ட நான்தான் வேலம்மான்னும். ரெண்டு பக்கமும் பூட்டு தெரியும். நடுவுல தொறந்து படிச்சுட்டு மறுபடி ஒட்டி அனுப்பும்."

"வாட்ஸ்அப்பு?"

"அது இந்த மாதிரி முத்திரைய ஏத்துக்காது. பிரவுசரு ஏத்துக்கும்."

பயந்து ஒதுக்கியதில் அல்ல, நம்பிப் போனதில்தான் மாட்டியிருக்கிறாள்.

"என் நம்பர் இல்லாம இத்த உள்ள போட முடியுமா?"

"முடியாது. போனு கைல இருக்கணும், லாக் நம்பரு தெரியணும். ரெண்டு நிமிஷ வேல. யாராண்டயாவது குடுத்தியா?"

"சாமியாண்ட குடுத்தேன்," என்றாள் வேலம்மா.

ரசூல் நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "இப்ப அழிக்காதக்கா. படம் புடிச்சு வெச்சுக்க. சாட்சி."

மணிமொழி அடையாறில் ஒரு பேக்கரியில் இருப்பதாகத் தெரிந்து வேலம்மா அங்கே போனாள். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் மணிமொழி நின்றுகொண்டுதான் இருந்தாள். வேலம்மாவைப் பார்த்ததும், வாடிக்கையாளரிடம் கேட்பதுபோல, "இன்னா வேணும்?" என்றாள்.

வேலம்மா எல்லாவற்றையும் சொன்னாள். திங்கட்கிழமை, வியாழக்கிழமை, முத்திரை, பெட்டி. மணிமொழி இரண்டு பேருக்கு பன் கட்டிக் கொடுத்தபடியே கேட்டாள்.

"நீ சொல்லலன்னு இப்ப தெரிஞ்சுபோச்சு மணி."

"செக் பண்ணித் தெரிஞ்சுக்கின," என்றாள் மணிமொழி. "திங்கக்கெழம ஒரு மெயிலு, வியாயக்கெழம ஒரு மெயிலு. எம் மூஞ்சப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்லக்கா?"

வேலம்மா இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என்னப் பத்தி எங்க பேசுனாங்களோ, அதே எடத்துல சொல்லு," என்றாள் மணிமொழி. "சோத்து நேரத்துல. அந்த சந்திரிகாவும் இருக்கணும். அதுக்கப்பறம் மனு எழுது, நானும் கையெழுத்துப் போடறேன். அதுவரைக்கும் இங்க வராத."

வேலம்மாவுக்கு இந்தக் கடையை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. கால் இந்த நிலையில் இருக்கும்போது இன்னொரு கடை அவளை எடுக்காது. வாய் திறந்தால் என்ன ஆகும் என்று நன்றாகத் தெரிந்துதான், மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் எழுந்து நின்றாள்.

"மணிமொழி எதுவும் சொல்லல," என்றாள். "நாந்தான் அவ மேல பழி போட்டேன். நீங்க நம்புனீங்க. சொன்னது இது." போனைத் தூக்கிக் காட்டினாள். "பூஜைல வெச்ச எல்லார் போன்லயும் இருக்கும். தொறந்து பாருங்க. எங்க பாக்கணும்னு நான் காட்டறேன்."

சந்திரிகா, "சாப்பாட்டு நேரத்துல என்ன மீட்டிங்கு?" என்று அதட்டினாள். யாரும் கலையவில்லை. ஒருத்தி திறந்தாள், இன்னொருத்தி திறந்தாள். தேன்மதி. தேன்மதி. ஒருத்தி தன் பெண்ணின் கல்யாணப் பேச்சு பற்றி எழுதியதை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அதட்டிக்கொண்டிருந்த சந்திரிகாவும் கடைசியில் தன் போனைத் திறந்தாள். அதிலும் இருந்தது.

அன்று சாயங்காலமே வேலம்மாவை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த முறை மனு காகிதத்தில் எழுதப்பட்டது. நாற்காலிக்கு ஒன்று, போனுக்கு ஒன்று. தேனாம்பேட்டையில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், போலீசிலும் கொடுத்தார்கள். ஆறு பெண்கள் போனார்கள். முதல் கையெழுத்து மணிமொழியுடையது. வேலம்மா அப்படித்தான் வேண்டும் என்றாள். போகும்போது பஸ்ஸில் ஓர் இடம் காலியாக இருந்தது. "குந்து," என்றாள் மணிமொழி. பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். விசாரணை நடக்கிறது. என்ன ஆகும் என்று இன்னும் தெரியாது.

படித்துவிட்டீர்கள். இப்போது உங்கள் போனை எடுங்கள். அமைப்புகளில், பாதுகாப்பில், சான்றிதழ்களில், நீங்கள் சேர்க்காத பெயர் ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் அலுவலகமோ விடுதியோ கல்லூரியோ வைஃபைக்காக எதையாவது போடச் சொன்னால், நடுவில் இருந்து படிப்பது யார் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் ரகசியம் ஒன்று வெளியே போயிருந்தால், கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவளின் பெயரை எடுக்கும் முன்னால், தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.